கிளட்ச் கேபிளில் ஒரு சூடு

வந்ததும் மெக்கானிக் பானட்டைத் திறக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டில் பாதி உட்கார்ந்து, ஒரு காலை வெளியே ஊன்றியபடி சாவியைக் கேட்டார். ஸ்டார்ட் செய்யாமல் 'ஆன்' வரை மட்டும் திருப்பிவிட்டு, மீட்டரில் எரிந்த விளக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். ஆயில், பேட்டரி, ஹேண்ட் பிரேக், இன்ஜின்.

"எல்லாம் எரியுது சார். யாரும் பல்பைப் புடுங்கல. அதுவே நல்லது" என்றார்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது மண்டகப்பட்டு. புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பிரித்துப் போட்ட டிராக்டர் ஒன்று, டயர் கழற்றிய மினி லாரி ஒன்று. எங்களுடையது 2013 மாடல் பெட்ரோல் கார். அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்ததிலிருந்தே, இன்னொரு முறை அங்குள்ள ராஜகிரிக் குன்றை அடிவாரத்தில் நின்றாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். விழுப்புரத்தில் அத்தை வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் புறப்பட்டோம். போகும் வழியில் மண்டகப்பட்டுக் குடைவரையையும் பார்த்துவிடுவதாகத் திட்டம்.

புறப்படும்போதே செல்ஃப் சோம்பலாகத்தான் சுற்றியது. மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு அணையவில்லை. கிளட்ச் மிதி கல்லாக இருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் வேகம் குறைத்து மூன்றாவது கியருக்கு இறங்கும்போது கரகரவென்று அரைத்தது. குடைவரைக்குத் திரும்பும் இடத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டேன். பின்னால் எடுக்கலாம் என்று ரிவர்ஸ் போட்டால், கியர்பாக்ஸ் போட்ட சத்தத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கடைக்காரர்தான் இந்தக் கொட்டகையைக் கைகாட்டினார்.

பல்பைப் பிடுங்குவது பற்றி அவர் சொன்னதைப் பழைய கார் வாங்குகிற யாரும் மறக்கக் கூடாது. சாவியை ஆன் செய்தவுடன் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிய வேண்டும். அது அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணையும். சாவி ஆன் செய்தபோதே இன்ஜின் விளக்கு எரியாத வண்டி கோளாறில்லாத வண்டி என்று அர்த்தமில்லை. அந்த விளக்கு செத்திருக்கிறது, அல்லது அதன் வாயை யாரோ கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

"எப்போலேர்ந்து எரியுது?"

"ஒரு மாசமா அண்ணா. நடுவுல ஒரு வாரம் அணைஞ்சிருந்துச்சு."

"தானா அணைஞ்சுதா, யாராவது அணைச்சாங்களா?"

நான்தான் அணைத்தேன். ஆன்லைனில் வாங்கிய புளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் கோளாறுக் கோடு (code) பார்த்தேன். பி0300 என்று வந்தது. தேடிப் பார்த்தால் 'மிஸ் அடிக்கிறது' என்று அர்த்தம் போட்டிருந்தது. ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றிவிட்டு கோடை அழித்தேன். ஒரு வாரத்தில் விளக்கு திரும்ப வந்துவிட்டது. இதைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. "கோடை அழிச்சா, அது கூடவே கோளாறு வந்த நேரத்துல வண்டி என்ன வேகம், என்ன சூடு, எத்தனை ஆர்.பி.எம்.னு எழுதி வெச்சிருக்கும் பாருங்க, அதுவும் போயிடும். மொதல்ல அதைப் படிச்சு ஒரு பேப்பர்ல எழுதிக்கணும் சார்" என்றார். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பவர்களும் அழிப்பது இந்தத் தடயத்தைத்தான்.

அடுத்து அவர் கேட்டதை இதுவரை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"விளக்கு எரியறதுக்கு முன்னாடி கடைசியா வண்டியில எதுல கை வெச்சாங்க?"

மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "டேய், டேஷ்போர்டுல நோட்டு இருக்கு, எடு" என்றார். பெட்ரோல் போட்ட நாளிலிருந்து டயர் மாற்றியது வரை கிலோமீட்டரோடு எழுதிவைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. கடைசிப் பக்கத்தில் நீல மையில் மூன்று வரிகள்: 82,460 – கிளட்ச் செட் மாற்றியது. 82,910 – கிளட்ச் மிதி கனம். 83,150 – மஞ்சள் விளக்கு, பிளக் மாற்றியது.

மெக்கானிக் அந்த மூன்று வரிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு கீழிருந்து மேலாக. "ஐயா, பாதி வேலையை நீங்களே முடிச்சு வெச்சிருக்கீங்க" என்றார். "புது கிளட்ச் போட்டா மிதி லேசாகணும். 450 கிலோமீட்டர்ல கனமாகுதுன்னா தப்பு கிளட்ச் பிளேட்டுல இல்ல. இறக்கி ஏத்தும்போது எங்கியோ நடந்திருக்கு."

இத்தனைக்கும் வேலை செய்த நகரத்து ஒர்க்‌ஷாப்பில் மிதி கனமாகிவிட்டது என்று போய் நின்றபோது, கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் இன்னும் என் பையில்தான் இருந்தது.

இந்த மஞ்சள் விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது பிறந்தது மெக்கானிக்குக்கு உதவுவதற்காக அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் புகைமூட்டத்தைக் குறைக்கப் போராடிய கலிஃபோர்னியக் காற்று வாரியத்தின் விதிகளிலிருந்து வந்தது. வண்டி தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும், அளவு மீறினால் ஓட்டுபவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. 1996 முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி 16 முனை சாக்கெட், ஒரே மாதிரிக் கோடு என்று ஆனது. நம் ஊரில் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பி.எஸ்.4 புகை விதி வந்தபோது முதற்கட்டமாகவும், 2013 ஏப்ரலில் முழுமையாகவும் இந்த முறை நுழைந்தது. அம்பாசடர், பத்மினி ஓட்டியவர்களுக்கு ஆயிலும் சார்ஜும்தான் விளக்கு. அந்தச் சிவப்பு விளக்குகள் இன்றும் மாறாத கட்டளைகள். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும்; அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதற்றமில்லாமல் ஓட்டிச் சென்று காட்டலாம். அதுவே விட்டுவிட்டு மினுக்கினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும்.

அவர் தன் போனை எடுத்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவி சாக்கெட்டைக் கண்டுபிடித்து, தீப்பெட்டி அளவில் இருந்த ஸ்கேனரைச் செருகினார். இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று எனக்குத் தெரிந்த அதே பி0300. இன்னொன்று பி0562.

கோடைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இன்ஜினும் கியரும் சேர்ந்த பிரிவுக்கு 'பி' எழுத்து. அடுத்து 0 வந்தால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடு. அதற்கு அடுத்த எண் 3 என்றால் பற்றவைப்பு, 5 என்றால் வேகம், ஐட்லிங், மின்சப்ளை, 7 என்றால் கியர்பாக்ஸ். பி0562 சொல்வது வண்டியின் மின் அழுத்தம் குறைகிறது என்பதை. கரன்ட் போதாவிட்டால் பிளக்கில் பொறி பலவீனமாகும். பொறி பலவீனமானால் இன்ஜின் மிஸ் அடிக்கும். இரண்டும் தனித்தனி நோய்களே அல்ல. ஒன்று வேர், மற்றொன்று அதன் இலை. நான் இலையை மட்டும் பார்த்து பிளக் வாங்கினேன்.

"கியரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே அண்ணா?"

"சொல்லாது சார். ஆட்டோமேட்டிக் கியரா இருந்தா அதுக்குன்னு தனி மூளை, சென்சார் எல்லாம் இருக்கும், 7-ல கோடு வரும். இது கையால போடற கியர். ஸ்கேனர் வாயைத் தொறக்காது. இதை நாமதான் கேட்கணும்."

அவர் கேட்ட விதம் மிக எளிமையானது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ரிவர்ஸ் என்று எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் எல்லாம் விழுந்தன. இன்ஜினை ஓட விட்டு, கிளட்ச்சை முழுவதும் மிதித்து, நான்கு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டார். அதே அலறல். உடனே விட்டுவிட்டார். இன்ஜின் நின்றிருக்கும்போதும் கியர் இறுக்கமாக இருந்தால் கோளாறு கியர் லீவரிலோ கியர்பாக்ஸுக்குள்ளோ. நின்றிருக்கும்போது விழுந்து, ஓடும்போது அரைத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. மற்ற கியர்களுக்கு வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை வளையம் உண்டு. நம் சின்ன வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு அது கிடையாது. அதனால்தான் கிளட்ச்சின் குறையை ரிவர்ஸ் முதலில் சொல்லிவிடுகிறது.

கியர்பாக்ஸே கெட்டிருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். நியூட்ரலில் நிற்கும்போது ஊளைச் சத்தம் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறதென்றால் கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் வளையம் தேய்ந்திருக்கும். மேட்டில் இன்ஜின் கத்தியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் பார்த்தால், பொன்துகள் மின்னினால் பித்தளை வளையம் கரைகிறது. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "உங்களுக்கு இது எதுவும் இல்ல" என்று பானட்டைத் திறந்தார்.

முதலில் பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸை உருவினார். இனி செல்ஃப் சுற்றும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. என்னை உள்ளே உட்காரச் சொல்லி, ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். கொஞ்சம் விட்டு இன்னொரு ஐந்து. செல்ஃப் முனகிக்கொண்டே சுற்றியது.

"இறங்கி வாங்க சார். இதைத் தொடுங்க."

கிளட்ச் கேபிள். மிதியிலிருந்து பாடியைத் துளைத்து வந்து கியர்பாக்ஸில் முடியும், விரல் தடிமனுள்ள கறுப்புக் கயிறு. நிழலில் நின்ற நேரத்தில் வண்டியின் சூடு கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனால் கேபிள் சுட்டது. டீ கிளாஸைப் பிடிக்கும்போது விரல் உணர்கிற சூடு. கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் அதன் பிளாஸ்டிக் உறை அம்மைக் கொப்புளம்போல் பொங்கியிருந்தது.

கயிறு ஏன் சுட வேண்டும்? அதில் கரன்ட் ஓடுவதற்கு ஒரு காரணமும் இல்லையே.

அதை அவர் விளக்கிய விதத்தை மறக்க மாட்டேன். இன்ஜின் பாடியில் நேராக உட்காரவில்லை. ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரன்ட்டை விடாது. செல்ஃப் மோட்டார் இன்ஜினில் பூட்டியிருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது அது இழுக்கும் கரன்ட் 100 ஆம்பியர் அளவில். அந்தக் கரன்ட் பாசிட்டிவ் ஒயர் வழியே போனால் போதாது, பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பியும் ஆக வேண்டும். திரும்புவதற்காகத்தான் கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு ஒரு தடித்த எர்த் ஒயர் பூட்டியிருக்கும். அந்தப் பாதை அடைபட்டால் கரன்ட் நின்றுவிடாது. இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு இரும்பைத் தேடும். கிளட்ச் கேபிளின் உள்ளே இருப்பது எஃகுக் கம்பி. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் கரன்ட் அதன் வழியே வீடு திரும்பியிருக்கிறது. கம்பி சுட, அதன் உள்ளுறை உருகி, கம்பி உராய்ந்து, மிதி கனத்து, கேபிள் முழுதாக இழுபடாமல் போயிருக்கிறது. டைனமோ அனுப்பும் சார்ஜுக்கும் திரும்பும் வழி அதே எர்த்தான் என்பதால் பேட்டரி அரை வயிற்றோடு இருந்திருக்கிறது. மஞ்சள் விளக்கு, சோம்பலான செல்ஃப், கனத்த கிளட்ச், அலறும் ரிவர்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயர்.

"சந்தேகம் வேணாம், அளந்துடலாம்" என்று மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தார், மற்றதை இன்ஜினின் வெறும் இரும்பில் அழுத்தினார். நான் செல்ஃப் அடித்தேன். 2.3 வோல்ட். "கால் வோல்ட்டுக்குள்ள இருக்கணும்." பிறகு ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து நெகட்டிவிலிருந்து இன்ஜினைத் தூக்கும் கொக்கிக்கு நேராக மாட்டினார். மறுபடி செல்ஃப். புது வண்டி வாங்கிய நாளில் கேட்ட அதே சர்ரென்ற சத்தம். மரத்தடியிலிருந்து அப்பா எழுந்து வந்துவிட்டார்.

எர்த் ஒயரின் போல்ட், கியர்பாக்ஸின் மேல் ஓரமாக, ஏர் ஃபில்டருக்கு அடியில் மறைந்திருந்தது. ஸ்பேனர் போடும் முன்பே விரலால் ஆடியது. கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது அந்த போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மாட்டும்போது முறுக்க மறந்திருக்கிறார்கள். தளர்ந்த இடைவெளியில் மழைநீர் புகுந்து, செம்பு வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. செம்பு, எஃகு போல்ட், அலுமினியக் கூடு என மூன்று உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றை ஒன்று அரிக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி இந்த மாவட்டமே தண்ணீரில் நின்றதே, அதன் பிறகு மாதக்கணக்கில் தன் கொட்டகைக்கு வந்த வண்டிகளில் இந்தக் களிம்பைத்தான் சுரண்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எர்த்தில் தொடங்கும் பழக்கம் அவருக்கு அப்போது வந்ததாம்.

கேபிள் புதிதாகப் போட வேண்டும். கொட்டகைப் பையன் பைக்கில் செஞ்சிக்குப் போய் வாங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அப்பாவைக் கைப்பிடித்துக் குடைவரைக்கு நடத்திச் சென்றேன்.

பெரிய மலை இல்லை, ஒரு பாறைக் குன்று. அதன் முகத்தைக் குடைந்து, நடுவில் இரண்டு தூண், ஓரங்களில் இரண்டு அரைத்தூண். தூண்கள் மேலும் கீழும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை. இரு ஓரத்து மாடங்களிலும் துவாரபாலகர்கள். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள், மூன்றும் வெறுமையாக. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரில் அவன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டு, பிரம்மா, சிவன், திருமால் மூவருக்குமான இந்தக் கோயில் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல் ஆக்கப்பட்டது என்று கிரந்த எழுத்தில் சொல்கிறது.

இந்தக் கல்வெட்டைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். அது ஏதோ பெருமைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். விரலில் இன்னும் கேபிளின் சூட்டோடும் கண்ணில் அந்தப் பச்சைக் களிம்போடும் நின்றபோது, அவன் விட்டொழித்தது நான்கு பொருட்களை மட்டும் அல்ல என்று தோன்றியது. செங்கலும் சுண்ணமும் சேரும் இடம், மரமும் ஆணியும் சேரும் இடம் என்று எல்லா இணைப்புகளையும் அவன் விட்டொழித்திருக்கிறான். ஈரம் நுழைவது அங்கேதானே. ஒரே பாறை, மூட்டு இல்லாத உடம்பு. அப்பா துவாரபாலகரின் காலடிப் பாறையில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பாறை குளிர்ந்திருந்தது.

திரும்பி வந்தபோது எர்த் வளையத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செம்பின் சிவப்பு தெரியும்படி வைத்திருந்தார். கியர்பாக்ஸின் மேல் அது உட்காரும் இடத்தையும் வட்டமாகச் சுரண்டியிருந்தார். போல்ட்டை முறுக்கி, ஈரம் புகாமல் மேலே வாசலின் தடவினார். புது கேபிளைப் போட்டு, மிதியின் மேல்பகுதியில் இரண்டு விரல் அளவு பிளே வைத்தார். அந்த பிளே இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் அழுந்திக்கொண்டே இருந்து சீக்கிரம் தேயும். மீட்டரை வைத்து மறுபடி அளந்தார்: 0.1. உருவிய ஃப்யூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஓடும் இன்ஜினில் பேட்டரியை அளந்தார்: 14.1. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஸ்கேனரை எடுத்துக் கோடுகளை அழித்தார். அதற்கு முன் இரண்டு கோடையும் அவை வந்த நேரத்து எண்களையும் அப்பாவின் நோட்டில் எழுதச் சொன்னார்.

கேபிள் விலை போக, கூலியாக அவர் கேட்டது 600 ரூபாய். நான் கொடுத்ததில் ஒரு நூறைத் திருப்பித் தந்துவிட்டார்.

"தம்பி, இது மறுபடி வந்தா?" என்று கேட்டார் அப்பா.

"வராது ஐயா. வந்தா மொதல்ல அந்த போல்ட்டை விரலால ஆட்டிப் பாருங்க. அப்பறம் எனக்கு போன் பண்ணுங்க."

கிளட்ச்சை மிதித்தேன், பஞ்சில் கால் வைத்ததுபோல் இருந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. கொட்டகையிலிருந்து பின்னால் எடுத்துச் சாலையில் திரும்பும்போது மீட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. பக்கத்து சீட்டில் அப்பா மடியில் நோட்டை வைத்து, வண்டி குலுங்காத இடமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்: 83,612 – மண்டகப்பட்டு. எர்த் ஒயர் தளர்வு. கிளட்ச் கேபிள் புதிது.